ஆடியில் இறங்காத விலை

"இப்பவே வாங்கிடலாங்க. விலை கம்மியா இருக்கு."

"எது?"

"வரித்துணைதான். நாம ரிட்டர்ன் போடுற சாஃப்ட்வேர். இந்த மாசக் கடைசிக்குள்ள வாங்கினா பாதி விலையாம். மெயில் வந்திருக்கு."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். ஆடி வரட்டும் சுகி. இன்னும் இறக்குவான்."

"இது என்ன புடவையா, ஆடியில இறக்குறதுக்கு?"

"போன வருஷம் இறக்கினானா இல்லையா? நீ பாத்தியா பாக்கலையா?"

சித்திரை மாதத்தில், கடையின் மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மதியம் நடந்த பேச்சு இது. சுகிர்தாவுக்கு ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. மூன்று மாதம் கழித்து, அதே கடையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே சாஃப்ட்வேரின் விலையைப் பார்த்தபோது அந்தப் பேச்சுதான் காதில் ஒலித்தது. சித்திரையில் சொன்ன விலை இப்போது மூன்று மடங்காகியிருந்தது. ஆடி பிறந்து ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது. ரிட்டர்ன் போடுவதற்கான கடைசி தேதிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

"இன்னும் இறக்கல" என்றான் அவள் கணவன் கார்முகில், தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்து.

"ஏத்தியிருக்கான்."

"அதான் சொல்றேன், இன்னும் இறக்கல."

அவன் பேச்சு எப்போதும் இப்படித்தான். கார்முகிலின் குடும்பம் ஆடியை நம்பி வாழ்கிற குடும்பம். நெரவியில் அவன் அம்மா வடிவாம்பாள் வீட்டில் இருக்கிற மிக்ஸி, கட்டில், பீரோ எல்லாமே ஏதோ ஒரு வருஷத்து ஆடித் தள்ளுபடியில் வந்தவை. கார்முகிலுக்குப் பெண் பார்க்கவே ஆரம்பிக்காத காலத்தில், ஒரு ஆடியில், கல்யாணத்துக்கான பட்டு வேட்டியை வாங்கி வைத்துவிட்டவள் வடிவாம்பாள். "வேட்டி மலிவா கெடைச்சுது, பொண்ணு மெதுவாக் கெடைக்கட்டும்" என்றாளாம். அந்த வேட்டியில்தான் அவன் சுகிர்தாவுக்குத் தாலி கட்டினான். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்பேறியிருந்ததை மணமேடையில் அவள் மட்டும்தான் பார்த்தாள்.

காரைக்கால் பாரதியார் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் கீழே கடை, மேலே வீடு. கடைக்கு 'முகில் கம்ப்யூட்டர்ஸ்' என்று பெயர். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் பிரிண்டருக்கு மை நிரப்புவதும் அவன் வேலை. பி.காம். படித்த சுகிர்தா வந்த பிறகுதான் வருமான வரி ரிட்டர்ன் போடும் வேலை சேர்ந்தது. ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். அரசாங்கத்தின் இணையதளத்திலேயே காசில்லாமல் ரிட்டர்ன் போடலாம்தான். ஆனால் ஒவ்வொருவராக உள்ளே போய், ஒவ்வொரு பக்கமாகக் கடந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். வரித்துணை இருந்தால் எல்லாருடைய கணக்கையும் ஒரே இடத்தில் வைத்து மளமளவென்று முடித்துவிடலாம்.

"நான் சித்திரையிலயே சொன்னேன்" என்றாள் சுகிர்தா.

"ஆரம்பிச்சிட்டியா?"

"சித்திரையில யாருக்கும் அவசரமில்ல. அதனால வெலை கம்மி. கடைசி தேதி நெருங்கினா எல்லாரும் ஓடி வருவாங்க, வெலை ஏறும். தேதி முடிஞ்சா எறங்கும். போன வருஷம் கடைசி தேதியையே செப்டம்பருக்குத் தள்ளி வெச்சாங்க. அவசரம் போச்சு, வாங்க ஆளில்ல, அதனால ஜூலையில எறக்கினான். அது ஆடியா இருந்தது அவனுக்கே தெரியாது."

"தெரியாம எப்படி இருக்கும்? தமிழ்நாட்டுல ஆபீஸ் வெச்சிருக்கான்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜொஹரா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் உருது ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வைப்பு நிதி வட்டியில் வங்கி பிடித்துக்கொண்ட வரியைத் திரும்ப வாங்க வேண்டும் என்று மூன்றாவது முறையாக வந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கார்முகில், "நாலு நாள் பொறுங்கக்கா, சாஃப்ட்வேர் வந்துடும்" என்று அனுப்பி வைத்திருந்தான்.

"தம்பி, உங்க சாஃப்ட்வேர் கப்பல்ல வருதா? என் மவன் துபாய்லேருந்து ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டான்" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. "இப்பவே கேட்டுடறேன்" என்று வரித்துணையின் உதவி எண்ணை அழைத்து, தன் பக்கம்தான் நியாயம் என்ற நம்பிக்கையில், ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"வணக்கம் சார், வரித்துணை. நான் வெண்மதி பேசறேன்."

"காரைக்கால்லேருந்து பேசறேம்மா. ஆடி ஆஃபர் எப்ப போடுறீங்க?"

"என்ன ஆஃபர் சார்?"

"ஆடி ஆஃபர். ஆடி மாசத்துக்கு."

பக்கத்தில் இருக்கும் யாரிடமோ அவள் ஏதோ சொல்வதும், அவர்கள் சிரிப்பதும் லேசாகக் கேட்டது.

"சார், எங்க ஆஃபர் ஏப்ரல்லயே முடிஞ்சிடுச்சு. இப்ப கடைசி தேதி நெருங்குது, அதனால இதுதான் வெலை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ஏறும்."

"போன வருஷம் ஆடியில எறக்கினீங்களே?"

"போன வருஷம் தேதியைத் தள்ளி வெச்சாங்க சார். யாரும் வாங்கல. அதனால எறக்கினோம். இந்த வருஷம் அப்படி ஒண்ணும் இல்ல சார்."

சுகிர்தா சொன்னதையே அவளும் சொல்லிவிட்டு, வேறு உதவி வேண்டுமா என்றும் கேட்டாள். கார்முகில் அழைப்பைத் துண்டித்தான். ஜொஹரா அக்காவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

சுகிர்தா சிரிக்கவில்லை. ஆனாலும் அவன் அவளைத்தான் பார்த்தான்.

"சந்தோஷமா? கஸ்டமர் முன்னாடி என்னை முட்டாளாக்கியாச்சு."

"நானா ஃபோன் போட்டேன்?"

"நீ போட வெச்ச."

"நான் மூணு மாசமாச் சொன்னப்பக் கேக்கல. அதையே ஒரு பொண்ணு ஃபோன்ல சொன்னாக் கேக்குறீங்க."

"நீ சொல்ற விதம் அப்படி. வாத்தியாரம்மா பிரம்பெடுத்த மாதிரி."

"வாத்தியாரம்மாவுக்குப் பென்ஷனாவது உண்டு. இல்லையாக்கா?"

"என்னை இதுல இழுக்காத" என்றாள் ஜொஹரா அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

"இந்தக் கடையில கெடந்து உழைக்கிறது நானு. நீ வந்து ஒண்ணரை வருஷத்துல எனக்கு வியாபாரம் கத்துத் தர்றியா? எதுக்குக் காத்திருக்கணும், எதுக்குக் காத்திருக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குக் காத்திருக்க மட்டும்தான் தெரியும்" என்று எழுந்தாள் சுகிர்தா. "நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன். ஆடிதானே, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"போயேன். போன வருஷமும்தான் போன. தானா பஸ் ஏறி வந்து நின்னல்ல? அதே மாதிரி வந்துடுவ."

கடைக்குள் சிரிப்பு நின்றுபோனது.

"நாக்க அடக்குங்க தம்பி" என்றாள் ஜொஹரா அக்கா. அவன் திரும்பி, பழுதாகிக் கிடந்த ஒரு பிரிண்டரைத் திறக்கத் தொடங்கினான்.

போன வருஷம் நடந்தது இதுதான். கல்யாணமாகி வந்த முதல் ஆடி. முறைப்படி அப்பா தெட்சிணாமூர்த்தி சீர்வரிசைத் தட்டோடு வந்து அவளைச் சுரக்குடிக்கு அழைத்துப் போனார். ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில் இருந்தாள். ஆவணி முதல் நாள் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போக வேண்டும். அன்று காலை அப்பா கொல்லையிலிருந்து தலைவாழை இலை அறுத்துக் கழுவி வைத்தார். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். பகல் பன்னிரண்டுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. 'கடையில கூட்டம் நிக்குது. ரிட்டர்ன் போட ஆளில்ல. பஸ்ல வந்துடு.'

அப்பா இலையை மடித்து மாட்டுக்குப் போட்டார். பெட்டியை டி.வி.எஸ்.ஸில் முன்னால் வைத்து, அவளைப் பின்னால் உட்காரவைத்துப் பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டார். வழியில் இரண்டு பேர், "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டார்கள். "அவருக்கு வேலை" என்று அப்பா இரண்டு பேரிடமும் ஒரே குரலில் சொன்னார். பஸ்ஸில் பெட்டியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கியவள், அன்று சாயங்காலமே நான்கு ரிட்டர்ன் போட்டாள். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். அதைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டு வாங்குவதா என்ற ரோஷத்தில் ஒரு வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இந்த வருஷம் அழைத்துப் போக யாரும் வரவில்லை. பெட்டியையும், கல்லூரியில் படிக்கும்போது அப்பா வாங்கித் தந்த மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு தானே போய் இறங்கினாள்.

"என்னம்மா, ரெண்டாவது ஆடிக்குமா?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"இப்பல்லாம் அப்படித்தாம்பா."

அவர் பெட்டியைப் பார்த்தார், மடிக்கணினியைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே நெரவியிலிருந்து மாமியாரின் அழைப்பு வந்தது.

"என் மவன் பட்டினியாக் கெடக்கான்."

"கடைக்கு எதிர்லயே மெஸ் இருக்கு அத்தை."

"ரெண்டாவது ஆடிக்குப் பொறந்த வீட்டுக்குப் போற வழக்கத்த எந்த ஊர்லடி கத்துக்கிட்ட?"

"ஆடியில சாஃப்ட்வேர் வெலை எறங்கும்னு உங்க மவன் எந்த ஊர்ல கத்துக்கிட்டாரோ, அதே ஊர்லதான் அத்தை."

வடிவாம்பாள் "எறங்கலையா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

ஆனால் கோபம் கோபமாக இருந்தாலும், வேலை நிற்கவில்லை. வந்தவர்களை நம்பவைத்துக் காக்கவைத்திருக்கிறார்கள். கடைசி தேதி தாண்டினால் அவர்களுக்கு அபராதம். சுகிர்தா சுரக்குடி வீட்டுக் கூடத்தில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, அரசாங்க இணையதளத்தில் ஒவ்வொருவராகப் போட ஆரம்பித்தாள். தாள்களைப் படமெடுத்து அனுப்புவது கார்முகில். உள்ளே நுழைவதற்கான ஓடிபி எண் அந்தந்த வாடிக்கையாளரின் ஃபோனுக்கு வரும். அவரைக் கடையில் உட்காரவைத்து, எண்ணைக் கேட்டு, அவளுக்கு அனுப்ப வேண்டியதும் அவன்தான். ஆக, ஒருவரையொருவர் பார்க்கக்கூடப் பிடிக்காத இரண்டு பேர், நாளெல்லாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

'நசீம் சாரோட ஃபார்ம் 16.'

'பாதிதான் தெரியுது. உங்க கட்டைவிரல் மறைக்குது.'

'மறுபடி அனுப்பியிருக்கேன்.'

'இப்ப ரெண்டு விரல் மறைக்குது.'

'ஓடிபி வந்துச்சா பாரு.'

'நீங்க அனுப்பினாத்தானே வரும்.'

'அவர் கண்ணாடி தேடிக்கிட்டிருக்கார்.'

'நேரம் முடிஞ்சுபோச்சு. மறுபடியும் கேக்குறேன். இந்தத் தடவையாவது கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காரச் சொல்லுங்க.'

'அவர்கிட்ட மரியாதையாப் பேசு.'

'நான் உங்ககிட்டதான் பேசறேன்.'

'சாப்டியா' என்று ஒரு நாள் அவன் எழுதினான். அவள் பதில் எழுதுவதற்குள் அழித்துவிட்டான். செய்தி நீக்கப்பட்டது என்ற வரியை மட்டும் அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜொஹரா அக்காவின் ரிட்டர்னை அனுப்பி முடித்துவிட்டு, 'முடிந்தது' என்று எழுதினாள்.

அந்தச் செய்திக்கு ஜொஹரா அக்காவே அவன் ஃபோனிலிருந்து குரலில் பதில் அனுப்பினாள். "மாஷா அல்லாஹ், நல்லா இருடி கண்ணு. இங்க கடை கடையாவே இல்ல. உம் புருஷன் மொகம் வாடி, தாடி வளந்து, பாக்கவே சகிக்கல. இதையும் நானேதான் சொல்றேன், அவன் சொல்லச் சொல்லல." பின்னால், "அக்கா, ஃபோனக் குடுங்கக்கா" என்று அவன் பதறுவது கேட்டது.

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே தன்மேலேயே எரிச்சலும் வந்தது. தாடி வளர்க்கத் தெரிந்தவருக்கு வண்டி எடுக்கத் தெரியாதா?

ஜூலை முடிந்தது. பெரும்பாலானவர்களுக்குப் போட்டாகிவிட்டது. சிலர் பொறுமையிழந்து வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று காலை, சுகிர்தா சித்திரான்னத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடுத்தடுத்து மூன்று முறை ஒலித்தது.

முதலில் ஒரு படம். வரித்துணையின் விலைப் பக்கம். விலை பாதிக்கும் கீழே வந்திருந்தது.

'பாத்தியா? எறங்கிடுச்சு. அதுவும் ஆடிப்பெருக்கு அன்னைக்கு.'

'நான் சொன்னேன்ல ஆடியில எறங்கும்னு. வாங்கிட்டேன்.'

அவள் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அவனை அழைத்தாள். சுரக்குடிக்கு வந்த பிறகு அவள் அழைப்பது அதுதான் முதல் முறை.

"வாங்கிட்டீங்களா?"

"ஆமா. பணம் கட்டி வாங்கியாச்சு." குரலில் அப்படி ஒரு பெருமை.

"கடைசி தேதி போன வாரமே முடிஞ்சுபோச்சு. இனிமே அது யாருக்குங்க வேணும்? வேணாம்னுதானே எறக்கியிருக்கான்?"

"அடுத்த வருஷத்துக்கு ஆவுமே."

"ஆவாது. அது இந்த வருஷத்து ரிட்டர்னுக்கு மட்டும். அடுத்த சித்திரையில புதுசா வாங்கணும். அந்தப் பக்கத்துலயே எழுதியிருக்கு, படிச்சீங்களா?"

அந்தப் பக்கம் சுட்டியை மேலும் கீழும் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாம் தானா எறங்கி வரும், எறங்கி வரும்னு உக்காந்திருப்பீங்க. எறங்கி வர்றப்ப அதுக்கு வேலையே இருக்காது" என்றாள். சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

அதற்குப் பிறகு ஆடி முடியும்வரை அவன் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை. ரிட்டர்ன் வேலையும் இல்லை; ஓடிபியும் இல்லை. ஒரு எண்ணைக் கேட்பதற்காகவாவது பேசிக்கொண்டிருந்தது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

ஆவணி பிறந்தது. காலையில் எழுந்து வந்தபோது கிணற்றடியில் ஒரு தலைவாழை இலை கழுவி வைக்கப்பட்டிருந்தது.

"எதுக்குப்பா?" என்றாள்.

"சும்மாதான். காத்துல கிழியறதுக்கு முன்னாடி அறுத்தேன்" என்று சொல்லிவிட்டு தெட்சிணாமூர்த்தி வயல் பக்கம் போகிறவர்போல வெளியே போனார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக அங்கேயே நின்றார்.

பத்து மணிக்கு ஃபோன் வந்தது.

"நான்தான்."

"தெரியுது."

"திருநள்ளாறு வரைக்கும் வந்திருக்கேன். கோயில் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல பிரிண்டர் வேலை."

"சரி."

"வேலை முடிஞ்சுது. வண்டியிலதான் வந்திருக்கேன். நீ பெட்டியை எடுத்துக்கிட்டு ஒரு ஆட்டோவுல இங்க வந்துட்டீன்னா, அப்படியே சேந்து போயிடலாம்."

திருநள்ளாற்றிலிருந்து சுரக்குடிக்கு வண்டியில் வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ ஆறுகிற நேரம்.

"அங்க வந்தா உங்கப்பா சாப்பிடச் சொல்வாரு. நேரமாவும். அதான்."

"நேரமாச்சுன்னா நீங்க போங்க. நான் வரல."

"இன்னும் என்ன கோவம்? சாஃப்ட்வேர் விஷயத்துல நான் பண்ணது தப்புதான். போதுமா? அடுத்த வருஷம் நீயே சித்திரையில வாங்கு, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"சாஃப்ட்வேர யாரு கேட்டா?"

"பின்ன என்னதான் வேணும் உனக்கு?" அவன் குரல் உயர்ந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி அவனைக் கடந்து போனது. "மாசம் பூரா மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டா நான் என்னன்னு கண்டுபிடிக்கிறது? எனக்கு ஜோசியம் தெரியாது சுகிர்தா. வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்? நான் வரவா, போவவா, இங்கயே நிக்கவா?"

வாசலில் அப்பா செருப்போடு அசையாமல் நின்றார். கிணற்றடியில் இலை பச்சையாக மினுங்கியது. இந்த வருஷமும் அது மாட்டுக்குத்தான் போகுமா என்பது இந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது. இவர் தானாகப் புரிந்துகொள்வார் என்று அவளும்தானே ஒரு வருஷமாகக் காத்திருந்தாள்.

"கார்முகில்" என்றாள். அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"சொல்லு."

"ஆட்டோ வேணாம். பஸ் வேணாம். நீங்க இங்க வாங்க. எங்கப்பா வாசல்லதான் நிக்கிறாரு. அவரு முன்னாடி வந்து நின்னு, எம் பொண்டாட்டிய அழைச்சிக்கிட்டுப் போவ வந்திருக்கேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு, என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."